காலைக்கடன்: தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஒரு பால்வெட்டுத் தொழிலாளி எழுதுவது

பதினான்கு ஆண்டுகள் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டினேன். 2013 மே மாதம் அயனி மரத்தில் சக்கை (காட்டுப் பலா) பறிக்க ஏறி, கொம்பு ஒடிந்து விழுந்தேன். தண்டுவடத்தில் டி 10 என்ற இடத்தில், அதாவது மார்புப் பகுதி முதுகெலும்புகளில் பத்தாவதன் மட்டத்தில் காயம். தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. இனி நடக்க முடியாது என்பதை வீட்டில் எல்லாரும் ஒரு வாரத்துக்குள் புரிந்துகொண்டார்கள். வெளிக்கு இருப்பதும் இனி தானாக நடக்காது என்பதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தந்த தாளில் மாத்திரைகள் இருந்தன, சிறுநீர் டியூப் மாற்றும் நாள் இருந்தது. குடலைப் பற்றி ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வந்து எட்டு நாள் வயிறு அசையவில்லை. ஒன்பதாம் நாள் தண்ணீராகக் கசிந்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து, மருந்துக் கடையில் சொல்லி, நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் வயிறு பானை போல உப்பியது. குடித்த கஞ்சித் தண்ணீரும் வாந்தியாக வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குடல் நிறைய மலம் கட்டிப்போய் நின்றது. அந்தக் கட்டியைச் சுற்றி வழிந்த நீரைத்தான் வயிற்றுப்போக்கு என்று நம்பியிருக்கிறோம்.

இதைப் படிக்கும் வீட்டார் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பல நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரெனத் தண்ணீராகக் கசிந்தால், அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிறுத்தும் மாத்திரை கொடுக்கக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியாமல் நின்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நான் முறையாகக் கற்றுக்கொண்டது அடுத்த ஆண்டு, வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையத்தில். மருத்துவர் மேரி வர்கீசின் பெயரில் அது நடக்கிறது. 1954-இல் சாலை விபத்தில் அவருக்கே தண்டுவடம் அடிபட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். நமக்குக் கிட்டத்தில் என்றால் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்தில் அடிபட்டுக் கை கால் செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நேராகக் கையுறை மாட்டாதீர்கள். ஒரு தடவையாவது மருத்துவரோ நர்சோ பக்கத்தில் நின்று காட்டித் தர வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் தினமும் செய்வதற்குத்தான் இது.

மலக்குடல் நிறைந்தால் மூளைக்குச் செய்தி போகும். இப்போது வேண்டாம் என்று மூளை சொன்னால் ஆசனவாயின் சுருக்குத்தசை இறுகிக்கொள்ளும். தண்டுவடம் அடிபட்டால் செய்தி மேலேயும் போகாது, கட்டளை கீழேயும் வராது. குடல் நகர்வதும் முன்னைவிட மிகவும் மெதுவாகிவிடும். ஆனால் காயம் எங்கே என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக நடக்கும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

என்னைப் போல முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்குத் தண்டுவடத்தின் கடைசி நுனி பழுதாகாமல் இருக்கும். மூளை சொல்லாவிட்டாலும் அந்த நுனி தானாக வேலை செய்யும். மலக்குடலைத் தூண்டிவிட்டால் அது சுருங்கி வெளியே தள்ளும். சுருக்குத்தசையும் இறுக்கமாக இருக்கும். தண்டுவடம் முடிகிற இடத்திலோ அதற்குக் கீழே உள்ள நரம்புக் கற்றையிலோ அடிபட்டால் இந்தத் தானியங்கி வேலையும் போய்விடும், சுருக்குத்தசை தளர்ந்துவிடும். இருமினாலோ கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினாலோ மலம் நழுவி வருவது அதற்கு அடையாளம். அடிபட்ட முதல் சில வாரங்களில் எல்லாருக்குமே தளர்ந்துதான் இருக்கும். அதனால் எந்த வகை என்பதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும். கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பால்வெட்டு தெரிந்தவர்களுக்கு இந்த வேலையை நான் இப்படித்தான் விளக்குவேன். வெயில் ஏறுவதற்கு முன்பு வெட்டினால்தான் சிரட்டையில் பால் நிறையும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுவோம். கத்தி பட்டையை மட்டும் சீவ வேண்டும். உள்ளே மரத்தில் பட்டால் அந்த இடம் முண்டு கட்டிவிடும், பிறகு அங்கே வெட்டவே முடியாது. நேரம், முறை, கை பதனம். மரத்தோடு இருந்த இந்தப் பழக்கத்தை என் உடம்போடு வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தவறுகிற இடம் இதுதான். "வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வரும்போது நமக்குத் தெரியாது என்பதுதானே நம்முடைய பிரச்சினை. ஆகவே எப்போது வர வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். வயிற்றில் சூடாக ஏதாவது விழுந்தால் அடுத்த அரை மணி நேரத்தில் பெருங்குடல் அசையும். எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு இது. நான் ஐந்தரை மணிக்குக் கருப்பட்டிக் காப்பியும் இரண்டு மட்டிப் பழமும் சாப்பிடுவேன். ஆறு மணிக்கு வேலையைத் தொடங்குவேன். ஒன்றுவிட்டு ஒரு நாள். காலையில் உதவிக்கு ஆள் இல்லாத வீடு என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஒரு நாள் காலை, ஒரு நாள் இரவு என்று மாற்றினால் மட்டும் குடல் பழகாது. மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விடவும் வேண்டாம்.

முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மருத்துவர் எழுதித் தந்த சென்னா என்ற மலமிளக்கி மாத்திரை. அது வேலை செய்ய எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும், அதனால்தான் அந்த நேரம். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது.

இனி கை வேலை. இறுக்கமான வகையினருக்கு உரியது இது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். கையுறை லேட்டக்ஸ் வேண்டாம், நைட்ரைல் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கணக்கில் டியூபும் கையுறையும் பயன்படுத்துகிற நம்மைப் போன்றவர்களுக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை எளிதில் வருகிறது. (லேட்டக்ஸ் என்பது ரப்பர் பால்தான். இத்தனை ஆண்டு அதில் கை நனைத்த எனக்கே கடைசியில் அது தடிப்பு எழுப்பியது.) நாற்காலியில் உட்கார முடியாதவர் இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கட்டும். கீழே ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய துணி.

வழுக்கும் ஜெல்லி தடவிய ஒரு விரலை மெதுவாக விட்டு, மலக்குடலில் ஏற்கெனவே மலம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் அதைச் சிறிது சிறிதாக எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஆசனவாயில் வைக்கும் மருந்தை (சப்போசிட்டரி) வைத்தால், அது மலத்துக்குள் புதைந்து வீணாகும். மருந்து குடலின் சுவரைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் வேலை செய்யும். எனக்கு 10 மில்லிகிராம் பிசாகோடில். உறையைப் பிரித்து, விரலால் முடிந்த அளவு உள்ளே தள்ளி, பக்கவாட்டுச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் இந்த மருந்து உறைக்குள்ளேயே இளகிவிடும். எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

பதினைந்து, இருபது நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் வயிற்றை நீவலாம். வலது அடிவயிற்றில் தொடங்கி, மேலே விலா எலும்பு வரை, அங்கிருந்து குறுக்காக இடது பக்கம், பிறகு கீழே. பெருங்குடல் போகிற வழி அதுதான். மாற்றி நீவினால் பயனில்லை.

பிறகு விரலால் தூண்டுவது. புதுக் கையுறை, நிறைய ஜெல்லி. இரண்டாவது கணு வரை விரலை விட்டு, விரலின் சதைப்பகுதி சுவரைத் தொட்டபடி, வட்டமாக மெதுவாகச் சுழற்ற வேண்டும். பதினைந்து அல்லது இருபது வினாடி போதும். ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சுவர் தளர்வதும், வாயு பிரிவதும், மலம் இறங்குவதும் விரலுக்குத் தெரியும். விரலை எடுத்துவிட்டு வழி விடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து மறுபடியும். இரண்டு தடவை தூண்டியும் மலம் வரவில்லை, அல்லது வெறும் சளி மட்டும் வருகிறது, அல்லது சுருக்குத்தசை விரலைச் சுற்றி இறுகிக்கொள்கிறது என்றால் அன்றைய வேலை முடிந்தது. தசை துள்ளி இறுகும்போது விரலைத் திணிக்காதீர்கள். அது தளரும் வரை அப்படியே நிறுத்தி வையுங்கள். உணர்வில்லாத இடம் என்பதால் வலிக்காது, ஆனால் கிழியும். முதல் மாதங்களில் எங்கள் வீட்டில் அவசரப்பட்டு இரத்தம் பார்த்திருக்கிறோம்.

மலம் வாழைப்பழம் போல மென்மையாகவும் உருவத்தோடும் இருந்தால் இந்த வகைக்குச் சரி.

தளர்ந்த வகையினருக்குத் தூண்டினாலும் பெரிதாகப் பயனில்லை, மருந்து வைத்தாலும் அப்படியே. கருங்கல் ஊர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குச் சற்று மேலே, தண்டுவடம் முடிகிற இடத்தில் அடிபட்டவர். என்னைப் பார்த்து அவரும் சப்போசிட்டரி வாங்கி வைத்துப் பணத்தை வீணாக்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வழி, ஒரே ஒரு விரலைக் கொக்கிபோல் மடக்கி மலத்தைச் சிறிது சிறிதாக எடுப்பதுதான். இது தினமும் ஒரு தடவை வேண்டும், சிலருக்கு இரண்டு தடவை. மலம் சற்றுக் கெட்டியாக இருப்பது அவர்களுக்கு நல்லது. இளகினால் நாள் முழுக்கக் கசியும். அதனால் மலமிளக்கியை அவர்கள் மிகவும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். மூச்சைப் பிடித்து முக்குவதும் வேண்டாம், மூலம் வரும்.

கழுத்தில் அடிபட்டவர்களுக்கும், மார்பில் டி 6 அல்லது அதற்கு மேலே அடிபட்டவர்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு. இந்தப் பகுதியை அவர்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். குளச்சல் பக்கம் ஒரு தம்பி, குளத்தில் தலைகீழாகக் குதித்துக் கழுத்து ஒடிந்தவர். ஒரு நாள் அவருடைய அம்மா எனக்குப் போன் செய்தார். "மக்களே, இவனுக்கு வெளிக்கு எடுக்கும்போதெல்லாம் முகம் சிவந்து வேர்த்துக் கொட்டுகிறது. தலை வெடிக்கிறது என்று அழுகிறான். காய்ச்சல் மாத்திரை கொடுக்கட்டுமா?" என்றார். அது காய்ச்சல் இல்லை. காயத்துக்குக் கீழே குடல் நிறைந்தாலோ, விரல் பட்டாலோ, சிறுநீர்ப்பை முட்டினாலோ, உடம்பு அதற்கு எதிராக இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். மூளையால் அதை இறக்க முடியாது. இடி போலத் தலைவலி, முகத்தில் வியர்வை, மூக்கடைப்பு, உடம்பில் புல்லரிப்பு. இவர்களுடைய வழக்கமான இரத்த அழுத்தமே குறைவாக, மேல் எண் 90 அல்லது 100 என்று இருக்கும். அதிலிருந்து 20, 40 கூடினாலே ஆபத்து. மற்றவர்களுக்கு 140 எப்படியோ, இவர்களுக்கு அப்படி இல்லை.

உடனே விரலை எடுங்கள். படுத்திருந்தால் நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்க விடுங்கள். இடுப்புக் கயிறு, பெல்ட், இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் "கழுத்துத் தண்டுவடக் காயம், அதனால் அழுத்தம் ஏறியிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடிக்கடி வருகிறது என்றால், தொடங்குவதற்குச் சில நிமிடம் முன்பு லிக்னோகெய்ன் கலந்த மரத்துப்போகும் ஜெல்லி தடவுவதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் தம்பிக்கு இப்போது அதைத்தான் செய்கிறார்கள்.

நாற்காலியைப் பற்றி. உட்கார்ந்து செய்தால் மலம் தன் கனத்திலேயே இறங்கும், நேரமும் குறையும். ஆனால் நான் தொடக்கத்தில் செய்ததைச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, கழிப்பறையின் மேல் வைத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டையின் விளிம்பு பிட்டத்தில் வெட்டி, படுக்கைப் புண்ணாகி, இரண்டு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மெத்தை வைத்த கமோடு நாற்காலி வேண்டும். பாதம் தொங்காமல் தாங்கல் வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொடுங்கள். முடிந்ததும் கழுவித் துடைத்து, கைக்கண்ணாடி பிடித்துத் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் அன்று அந்தப் பக்கம் உட்காரக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் ஊர் முழுக்க உபதேசம் செய்யும். "நார்ச்சத்து நிறையச் சாப்பிடு" என்பார்கள். மெதுவாக நகரும் குடலில் நாரை மேலும் மேலும் போட்டால் அது அங்கேயே குவியும். இசப்கோல் உமியைத் தண்ணீர் போதாமல் விழுங்கினால் உள்ளே அடைத்துக்கொள்ளும். அளவாகத் தொடங்கி, மலத்தைப் பார்த்துக் கூட்டுங்கள். என் உடம்புக்கு மதியம் சம்பா அரிசிச் சோறும் முருங்கைக்கீரையும், இரவில் ஒரு பாளையங்கோட்டான் பழமும் ஒத்துவருகின்றன. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் இல்லாமல் நம் ஊரில் வாழ முடியாது. சாப்பிடுகிறேன், ஆனால் கிழங்கு தின்ற நாளில் கீரையை விடுவதில்லை. சக்கைப்பழம் (பலாப்பழம்) எனக்கு வாயுவைக் கிளப்பும். உங்களுக்கு எது என்பதை நீங்கள் தினமும் எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகம் சொல்லும்; அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்கிறவர்கள், அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். அடுத்த வாரமே மலம் கல்லாகிறது. தண்ணீர் குடிக்கும் நேரத்தை டியூப் விடும் நேரத்தோடு பொருத்திக்கொண்டால் இரண்டும் நடக்கும். சிறுநீர்ப்பையை அடக்கத் தரும் ஆக்சிபியூட்டினின், வலிக்குத் தரும் டிராமடால், இரும்புச்சத்து மாத்திரை மூன்றும் மலத்தை இறுக்கும். ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாள்களில் இளகும். புது மாத்திரை எழுதும்போதெல்லாம் குடலுக்கு என்ன செய்யும் என்று கேளுங்கள்.

உதவி செய்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு முதல் மூன்று ஆண்டுகள் மனைவிதான் செய்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். கை நன்றாக இருக்கிறவர்கள் தாமே செய்யக் கற்றுக்கொள்ளலாம் என்று பாகாயத்திலேயே சொன்னார்கள். நான்தான் தள்ளிப் போட்டேன். நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து, பின்னால் கையை விட்டுச் செய்யப் பழக எனக்கு ஆறு வாரம் ஆனது. கை செயலிழந்தவர்களுக்கு வீட்டில் குறைந்தது இருவர் கற்றிருக்க வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் செய்ய. கதவைச் சாத்துங்கள். பக்கத்து வீட்டில் இதைப் பேசாதீர்கள். படுத்திருப்பவர் குழந்தை இல்லை, எதைச் செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வெளியே போகும்போது பட்டினி கிடப்பது நம்மவர்கள் பலரும் செய்வது. கல்யாண வீட்டுக்கு முந்தைய நாளே சாப்பாட்டை நிறுத்துவார்கள். குடலின் நேரம் குலைந்து, அதற்கு அடுத்த நாள் எங்கேயாவது வைத்து மானத்தை வாங்கும். பட்டினி வேண்டாம். வழக்கமான நாளையும் நேரத்தையும் மாற்றாமல், அப்போதே முடித்துவிட்டுப் போங்கள். 2017-இல் மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு அப்படித்தான் போனேன், நான்கு ஆண்டுக்குப் பிறகு முதல் கூட்டம். நாற்காலிப் பையில் கையுறை, ஜெல்லி, பழைய துணி, தண்ணீர்ப் புட்டி, ஒரு மாற்றுச் சாரம் (கைலி). எதையும் எடுக்க வேண்டி வரவில்லை. பாயசமும் குடித்தேன்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாத்திரையையும் சாப்பாட்டையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மூன்று முதல் ஐந்து முறையாவது பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது, அடிக்கடி கசிகிறது, இரத்தம் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீர் ஏற்றிக் கழுவும் முறை உண்டு. எதுவும் கேட்காதவர்களுக்கு வயிற்றில் வழி வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அப்படி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் அறிவேன், அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். சோப்புத் தண்ணீர் எனிமாவையும் விளக்கெண்ணெயையும் வழக்கமாக்காதீர்கள்.

கடைசியாக அந்த நோட்டுப் புத்தகம். ரப்பர் ஷீட் எடையும் ஒட்டுப்பால் எடையும் எழுதி வைத்த பழைய நோட்டில் மீதி இருந்த பக்கங்களில் நான் எழுதத் தொடங்கினேன். தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, மலம் கெட்டியா இளகலா, முந்தைய நாள் என்ன சாப்பிட்டேன், என்ன மருந்து. கடைசிக் கட்டத்தில், நேரம் தவறிச் சாரம் நனைந்த தடவைகள். முதல் மாதம் அந்தக் கட்டத்தில் பதினொன்று. இரண்டாவது மாதம் ஏழு. மூன்றாவது மாதம் மறுபடி எட்டு, சென்னா அளவு கூடியதால். ஐந்தாவது மாதத்தில் அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. என் மனைவி பேனாவை வாங்கி அதில் ஒரு கோடு போட்டாள்.